1982 பைட்ஸ் ஃப்ரீ: பழைய கேம் கன்சோல் பேசிக் கிட் வாங்குவதும் அதில் புரோகிராம் எழுதுவதும்

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் கன்சோலில் பேசிக் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுத வந்த கிட், ஃபேமிலி பேசிக். அதைத் திறந்தால் திரையில் "1982 பைட்ஸ் ஃப்ரீ" என்று ஒரு வரி வரும். முதன்முதலில் பார்த்தபோது அதை வருடம் என்று நினைத்துக்கொண்டேன். 1984-ல் விற்பனைக்கு வந்த பொருளில் 1982 எதற்கு என்று ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன். பத்து வரி அடித்துவிட்டு மீதி மெமரியைக் கேட்டுப் பார்த்தேன். எண் குறைந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது, நான் எழுதுவதற்கு இருக்கும் மொத்த இடமே அவ்வளவுதான் என்று.

இன்று என் அலமாரியில் ஆறு பேசிக் கிட் இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட அட்டைப்பெட்டி கிடையாது. பெட்டிக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு கீபோர்ட் வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. வாங்க நினைப்பவர்கள் என்னிடம் எடுத்தவுடன் கேட்பது "பெட்டியோட இருக்கா?" என்றுதான். கீபோர்ட் வேலை செய்கிறதா, அடித்ததைச் சேமிக்க முடிகிறதா, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். பெட்டியெல்லாம் அப்புறம்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. வீடியோ கேமில் செருகுவதைக் "கேசட்" என்று சொல்லியே வளர்ந்தோம். இந்தக் கட்டுரையில் நிஜமான டேப் கேசட்டும் வருகிறது. குழப்பம் வேண்டாம் என்று செருகுவதைக் கார்ட்ரிட்ஜ் என்றே எழுதுகிறேன். பேசிக் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

எனக்கு இது தொற்றிக்கொண்டது ஒரு போலியிலிருந்து. ஃபேமிகாமை நகலெடுத்து, கீபோர்டுக்குள்ளேயே கன்சோலை வைத்து, "கற்றல் கணினி" என்று விற்றார்களே, அதில் ஒன்று வீட்டில் இருந்தது. கூட வந்த கார்ட்ரிட்ஜில் பதினைந்து விளையாட்டுகளுக்கு நடுவே ஜி-பேசிக் என்று ஒரு வரி. தம்பி புத்தகத்தைப் பார்த்து வாசிப்பான், நான் அடிப்பேன். "அக்கா, நாற்பதாவது வரில கமா விட்டுட்டே" என்பான். "நீ ஒழுங்கா வாசிச்சாத்தானே" என்பேன். கரண்ட் போனால் அத்தனையும் போச்சு. சேமிக்கிற வசதியே அதில் இல்லை. அந்த ஜி-பேசிக்கும் அதன் சகோதரமான எஃப்-பேசிக்கும் ஃபேமிலி பேசிக்கை அடியொற்றி வந்தவை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பெரும்பாலான கட்டளைகள் அப்படியே இருந்தன. விரல்களுக்கு ஏற்கெனவே பழகிய மொழி.

எதை வாங்கலாம்

1970-களின் கடைசியிலிருந்து 80-களின் நடுவரை கிட்டத்தட்ட எல்லாக் கன்சோல் கம்பெனியும் "இது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை, கணினியும்தான்" என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டது. அந்த ஆசையின் மிச்சங்கள்தான் இந்தக் கிட்கள். எல்லாம் ஒரே தரம் இல்லை.

எழுதிப் பழக வேண்டும் என்றால் என் சிபாரிசு ஃபேமிலி பேசிக்தான். நிண்டெண்டோ, ஷார்ப், ஹட்சன் சாஃப்ட் மூன்றும் சேர்ந்து செய்தது. 1984 ஜூனில் 14,800 யென்னுக்கு ஜப்பானில் வந்தது. கீபோர்ட், கறுப்புக் கார்ட்ரிட்ஜ், தடிமனான கையேடு, மூன்றும் அந்த விலைக்குள். மறுவருடம் வந்த வி3, அதாவது மூன்றாம் பதிப்பு, சிவப்புக் கார்ட்ரிட்ஜ். அதில் 4086 பைட் கிடைக்கும். வரிகளுக்கு மறுபடி எண் போடும் கட்டளை, நான்கு மாதிரி விளையாட்டுகள் எல்லாம் அதில் உண்டு. பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான்: வி3 கார்ட்ரிட்ஜ் மட்டும் தனியாக விற்கப்பட்டது. கீபோர்ட் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கான மேம்பாடு அது. சிவப்பு அழகாக இருக்கிறதே என்று அதை மட்டும் வாங்கினால் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அட்டாரி 2600 கன்சோலுக்கான பேசிக் புரோகிராமிங் கார்ட்ரிட்ஜ் வேறு ரகம். அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், கடைசியில் வருகிறேன்.

பாலி ஆஸ்ட்ரோகேட் என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு. கீபோர்டே கிடையாது. கன்சோலில் இருக்கும் 24 பொத்தான் மேல் ஓர் அச்சிட்ட தகட்டை வைத்து, ஒவ்வொரு பொத்தானையும் நான்கைந்து விதமாக அழுத்த வேண்டும். மெமரி மொத்தமே 4 கேபி, அதுவும் திரைப் படத்துக்கே சரியாகப் போய்விடும். புரோகிராமை எங்கே வைப்பது? படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பிட் உண்டு. அதில் ஒன்றைப் படத்துக்கும் மற்றொன்றைப் புரோகிராமுக்கும் கொடுத்துவிட்டார்கள். நிறங்களை அமைத்த விதத்தில் இரண்டாவது பிட் கண்ணுக்குத் தெரியாது. அதாவது நீங்கள் எழுதும் புரோகிராம் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அதே திரையில்தான் ஒளிந்திருக்கிறது. இந்தப் பேசிக்கை எழுதிய ஜேமி ஃபென்டனுக்கு ஒரு கும்பிடு.

சேகாவின் எஸ்ஜி-1000, ஃபேமிகாம் வந்த அதே 1983 ஜூலை 15-ல் வந்தது. எஸ்கே-1100 கீபோர்டையும் பேசிக் கார்ட்ரிட்ஜையும் சேர்த்தால் ஒழுங்கான ஒரு கணினிதான். கன்சோலில் 1 கேபிதான் மெமரி என்பதால் கூடுதல் மெமரி கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே வரும். எந்த லெவல் பேசிக் என்று பார்த்து வாங்குங்கள், லெவலைப் பொறுத்து மெமரி மாறும். இன்டெலிவிஷன் கன்சோலுக்கு 1983-ல் வந்த ஈசிஎஸ் என்ற கீபோர்ட் கிட் பற்றி ஒரே வார்த்தை: மெதுவு. சேகரிப்பவருக்குச் சரி, எழுதுபவருக்கு வேண்டாம்.

வாங்கும்போது

விற்பவரிடம் போட்டோ கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். பேசிக்கைத் திறந்து, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கீயாக அழுத்தி, எழுத்து திரையில் வருவதைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். "பவர் ஆன் ஆகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குச் சொல்ல வேறு நல்லது இல்லை என்று அர்த்தம்.

வீடியோவில் சில கீ வேலை செய்யாமல் தெரிந்தால் எத்தனை, எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபேமிலி பேசிக் கீபோர்டில் 72 கீ. கன்சோல் அவற்றை ஒன்பது கொத்தாக, கொத்துக்கு எட்டாகப் படிக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒன்றிரண்டு கீ ஊமையாக இருந்தால் அழுக்கு. பிரித்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். கொத்தாகச் சேர்ந்து பல கீ போயிருந்தால் பழுது உள்ளே போர்டில் அல்லது ஒயரில். சால்டரிங் தெரியாதவர்கள் அதைத் தொட வேண்டாம். நான் ஒன்றை அப்படி வாங்கினேன். ஒயர் கீபோர்டுக்குள் நுழையும் வளைவில் உள்ளே ஓர் இழை அறுந்திருந்தது. மேலே தோல் முழுசாக, புதுசு மாதிரி இருந்தது.

அடுத்தது பேட்டரி. ஃபேமிலி பேசிக் கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு பென்டார்ச் செல் போடும் இடம் உண்டு, கரண்ட் நிறுத்தின பிறகும் புரோகிராம் நினைவில் இருப்பதற்காக. 40 வருடத்துக்கு முன் யாரோ போட்ட செல் இன்னும் உள்ளேயே இருந்து கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். என் வி3 அப்படித்தான் வந்தது. "சோதிக்கப்பட்டது, நன்றாக இயங்குகிறது" என்று எழுதியிருந்த விற்பனையாளர் அந்த மூடியை ஒருநாளும் திறந்ததில்லை. திறந்தேன், உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அல்கலைன் செல்லின் கசிவு காரம். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். ஸ்பிரிங் துருப்பிடித்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்ட்ரிட்ஜின் செம்புப் பற்களையும் அதே ஆல்கஹாலில்தான் துடைக்க வேண்டும். ஊதாதீர்கள். ஊதி ஊதித்தான் நாம் வளர்ந்தோம், ஆனால் வாயின் ஈரம் அந்தப் பற்களை அரிக்கும்.

மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைப்பார்கள். நான் செய்வதில்லை. சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகிறது, பிளாஸ்டிக்கும் நொறுங்கத் தொடங்குகிறது என்பது என் அனுபவம். வயதான பொருள் வயதாகத் தெரிந்தால் என்ன?

கையேடு இருந்தால் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்குங்கள். ஃபேமிலி பேசிக்கில் நாமாகப் புது உருவம் வரைய முடியாது. கார்ட்ரிட்ஜில் ஏற்கெனவே இருக்கும் உருவங்களைத்தான் எண் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த எண்களின் அட்டவணை கையேட்டில்தான். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் அட்டவணையைப் பார்க்கலாம். எனக்கும் தெரியாது.

இணைப்பு

ஜப்பானிய ஃபேமிகாமின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. 230 வோல்ட் சுவரில் நேரடியாகச் செருகினால் அதோடு சரி. கன்சோலுக்குள் போவது 10 வோல்ட் டிசி, 850 மில்லியாம்ப், நடுப்பின் மைனஸ். இந்த நடுப்பின் விஷயத்தைப் படித்தவுடன் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். இன்று கையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பின் பிளஸ்தான்.

படம் வரவில்லை என்பது அடுத்த புகார். பழைய சிவப்பு-வெள்ளை ஃபேமிகாம் ஆண்டெனா ஒயர் வழியாக ஜப்பானிய சேனல் 1 அல்லது 2-ல் படம் அனுப்பும். அந்த அலைவரிசை பல நாடுகளில் எஃப்எம் ரேடியோ இருக்கும் இடம். உங்கள் டிவி அங்கே தேடவே தேடாது. கன்சோலுக்குள் வீடியோ அவுட் மாற்றம் செய்யலாம். சுலப வழி, 1993-ல் வந்த ஏவி ஃபேமிகாமைத் தேடி வாங்குவது. மஞ்சள் வீடியோ பின் நேரடியாக வரும், கீபோர்ட் செருகும் 15 பின் துளையும் அப்படியே இருக்கும். ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமாக விற்ற சாம்பல் நிற என்இஎஸ்-ல் அந்தத் துளையே கிடையாது. அடாப்டர் போட்டு ஜப்பானிய கார்ட்ரிட்ஜைச் செருகலாம், கீபோர்டைச் செருக முடியாது.

காசு செலவழிக்கும் முன் ருசி பார்க்க வேண்டுமா? எஃப்சிஇயூஎக்ஸ், மெசன் போன்ற எமுலேட்டர்களில் (கன்சோலைக் கணினியில் போலியாக இயக்கும் மென்பொருள்) ஃபேமிலி பேசிக் கீபோர்டைத் தேர்வு செய்யலாம். ஒரு வாரம் அதில் அடித்துப் பார்த்து, சலிக்காமல் இருந்தால் நிஜத்தைத் தேடுங்கள்.

முதல் புரோகிராம்

"ஹலோ" என்று திரையை நிரப்பும் இரண்டு வரி புரோகிராமை எல்லோரும் எழுதுவார்கள். அது வேண்டாம். ஃபேமிலி பேசிக்கின் சிறப்பே ஸ்பிரைட்தான், அதாவது திரையில் தனியாக நகரும் சின்ன உருவங்கள். இதை அடித்துப் பாருங்கள்.

10 சிஎல்எஸ்: ஸ்பிரைட் ஆன்: சிஜிசெட் 1,0
20 டெஃப் மூவ்(0)=ஸ்பிரைட்(0,3,2,100,0,0)
30 பொசிஷன் 0,20,120
40 மூவ் 0
50 இஃப் மூவ்(0)=-1 தென் 50
60 கோ-டூ 30

ரன் கொடுத்தால் மரியோ இடமிருந்து வலமாக நடப்பார். கை கால் அசையும். நாம் படமே வரையவில்லை, அசைவையும் எழுதவில்லை.

20-வது வரியின் அடைப்புக்குள் இருக்கும் ஆறு எண்களில்தான் விஷயம். முதல் எண் யார் என்பது: 0 மரியோ, 4 பெங்குயின், 6 கார், இப்படி 15 வரை பதினாறு உருவங்கள். இரண்டாவது திசை: 1 மேலே, அங்கிருந்து கடிகார முள் போகும் பக்கமாக 8 வரை, 3 என்றால் வலம், 5 கீழே, 7 இடம். மூன்றாவது வேகம், 1-தான் அதிவேகம், எண் கூடக் கூட ஆள் சோம்பேறியாவார். நான்காவது தூரம், கொடுத்த எண்ணைப் போல் இரண்டு மடங்கு புள்ளி நகரும், 100 என்றால் 200 புள்ளி. ஐந்தாவது, பின்னணிக்கு முன்னால் போக வேண்டுமா பின்னால் போக வேண்டுமா. ஆறாவது நிறத் தொகுப்பு.

முதல் எண்ணை 4 ஆக்குங்கள். திசையை 7 ஆக்கி, 30-வது வரியில் 20-ஐ 220 ஆக்குங்கள். பெங்குயின் வலப்பக்கத்திலிருந்து வரும்.

50-வது வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மூவ் கட்டளை கொடுத்ததும் பேசிக் அங்கே காத்திருக்காது. உருவம் தன்பாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும், புரோகிராம் அடுத்த வரிக்குப் போய்விடும். இன்னும் நகர்கிறதா என்று கேட்டால் -1 என்று பதில் வரும், முடிந்திருந்தால் 0. 50-வது வரி செய்வது வெறும் காத்திருப்பு. அதை எடுத்துவிட்டு ரன் செய்தால் மரியோ தொடக்கத்திலேயே நின்று துடித்துக்கொண்டிருப்பார், நகரும் முன்பே மறுபடி மறுபடி 20-க்கு இழுக்கப்படுவதால். என் மகள் அப்படித்தான் செய்தாள். "அம்மா, அவருக்கு ஜுரமா?" என்றாள்.

பேசிக் மெதுவான மொழி. ஒவ்வொரு புள்ளியாக நாமே நகர்த்தினால் பார்க்கச் சகிக்காது. அந்த வேலையைப் பின்னணியில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டதால்தான் எட்டு உருவங்கள் வரை ஒரே சமயத்தில் வழுக்கிக்கொண்டு போகின்றன. விளையாட்டு எழுத வேண்டுமென்றே யோசித்துச் செய்த பேசிக் இது. கிர்பி விளையாட்டை உருவாக்கிய மசாஹிரோ சகுராய் சின்ன வயதில் இதில்தான் புரோகிராம் எழுதத் தொடங்கினார்.

அடுத்த படி கன்ட்ரோலர். ஸ்டிக்(0) என்று கேட்டால் வலம் 1, இடம் 2, கீழ் 4, மேல் 8 என்று பதில் வரும். மூவ் திசை எண்களும் இவையும் வேறு வேறு. முதல் வாரம் எல்லோரும் இங்கே இடறுவார்கள். ஸ்டிக் எண்ணைத் திசை எண்ணாக மாற்ற நான்கு இஃப் வரி போதும். பொத்தான்களுக்கு ஸ்ட்ரிக்(0): பி-க்கு 4, ஏ-க்கு 8. இதைச் சேர்த்து, ஓர் உருவத்தின் கிடைமட்ட, செங்குத்து இடத்தைச் சொல்லும் எக்ஸ்போஸ், ஒய்போஸ் வைத்து இரண்டு உருவங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒப்பிட்டால் பிடித்து விளையாடும் ஆட்டம் தயார்.

பழைய ஜப்பானிய இதழ்களில் வந்த புரோகிராம் பட்டியல்களைப் பார்த்து அடிக்கிறவர்களுக்கு: பூச்சியத்தையும் ஓ எழுத்தையும் மாற்றி அடிப்பதுதான் பாதித் தவறு. எஸ்என் எரர் என்று வந்தால் இலக்கணப் பிழை, அந்த வரியில் கமாவையும் அடைப்பையும் எண்ணுங்கள். ரன் ஆகிறது ஆனால் விபரீதமாக நடக்கிறது என்றால் ஏதோ ஒரு எண் தவறு. தனியாகத் தேடினால் கண்ணில் படாது. இன்னொருவரை வாசிக்கச் சொல்லி நீங்கள் திரையைப் பாருங்கள். தம்பி இல்லாதவர்கள் யாரையாவது பிடிக்க வேண்டியதுதான்.

இடம் பற்றாக்குறை

மீதி எவ்வளவு என்பதைப் பிரிண்ட் எஃப்ஆர்இ என்று கேட்டுக்கொண்டே இருங்கள். 1982 பைட்டில் என்ன எழுத முடியும் என்று சிரிப்பவர்கள், எழுதிப் பார்த்தவர்கள் இல்லை. ஒரு கட்டளைச் சொல் எத்தனை எழுத்தாக இருந்தாலும் உள்ளே ஒரே குறியாகச் சுருங்கிவிடும். பிரிண்ட் என்பதற்குக் கேள்விக்குறி போட்டால் விரலுக்குத்தான் மிச்சம், மெமரிக்கு இல்லை. மெமரியைத் தின்பவை வேறு. திரையில் காட்டும் வாசகங்கள் எழுத்துக்கு ஒரு பைட். "வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்பதற்குப் பதில் ஒரு சின்ன இசை போடுங்கள். பிளே கட்டளையில் ஸ்வரங்களை எழுத்தாகக் கொடுத்தால் வாசிக்கும், மூன்று குரல் வரை சேர்க்கலாம். ஒவ்வொரு புது வரிக்கும் எண், நீளம் என்று தனியாகச் சில பைட் போகும். முக்காற்புள்ளி போட்டு ஒரே வரியில் பல கட்டளைகளைக் கோத்தால் அது மிச்சம். ரெம் குறிப்புகளை, அதாவது நமக்காக எழுதிக்கொள்ளும் விளக்கங்களை, புரோகிராமில் வைக்காமல் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். என் நோட்டு இப்போது மூன்றாவது.

எண்கள் எல்லாம் முழு எண்கள்தான், -32768 முதல் 32767 வரை. 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. ஸ்கோரைப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போனால் எங்கேயோ பிழையில் நிற்கும். ஒன்றொன்றாகக் கூட்டி, காட்டும்போது மட்டும் பின்னால் ஒரு பூச்சியம் ஒட்டுங்கள். அந்தக் காலத்து விளையாட்டுகளின் ஸ்கோரில் கடைசி இலக்கம் பல நேரம் அசையாமல் இருந்ததை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சேமிப்பு

பேட்டரியை நம்பாதீர்கள். கார்ட்ரிட்ஜில் இருக்கும் சுவிட்சை மறந்துவிட்டுக் கரண்டை நிறுத்தினால் போயிற்று. அன்றன்றைக்கு வேலையை நிறுத்தி வைக்க அது போதும், அலமாரியில் வைக்கும்போது செல்லை எடுத்துவிடுங்கள்.

உண்மையான சேமிப்பு டேப்பில். கீபோர்டின் பின்னால் இரண்டு 3.5 மில்லிமீட்டர் துளைகள். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. நிண்டெண்டோ இதற்கென்றே ஒரு டேப் ரெக்கார்டர் விற்றது. எக்சைட்பைக் விளையாட்டில் நீங்கள் அமைத்த பாதையைச் சேமிக்கும் பட்டன் ஒன்று இருக்குமே, அதுவும் இந்த ரெக்கார்டரை நம்பித்தான். இன்று அது தேவையில்லை. கணினியின் ஒலிப்பதிவுத் துளையில் மோனோ ஒயரைச் செருகி, சேவ் கொடுக்கும் முன் பதிவைத் தொடங்குங்கள். புரோகிராம் ஓர் இரைச்சலாக வந்து சேரும். வேவ் கோப்பாக வையுங்கள். எம்பி3 ஆக்கினால், மனிதக் காதுக்குத் தேவையில்லை என்று அது வெட்டும் பகுதி ஃபேமிகாமுக்குத் தேவைப்படலாம். இரைச்சல் நீக்கும் வசதி எதுவும் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், அதற்கு உங்கள் புரோகிராம்தான் இரைச்சல்.

ஒலி அளவுதான் தொல்லை. திரும்ப ஏற்றும்போது குறைவாக இருந்தால் கன்சோல் எதையும் கேட்காதது போல் இருக்கும். அதிகமானால் அலை நசுங்கிப் பிழை வரும். முக்கால் அளவில் தொடங்கி நகர்த்துங்கள், சரியான இடம் கிடைத்ததும் பேனாவால் குறி போடுங்கள். நான் பிளேயரின் மேலேயே ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன்.

சேவ் முடிந்த கையோடு லோட் என்பதன் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, பதிவை ஓடவிடுங்கள். மெமரியில் இருப்பதும் பதிவில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுச் சொல்லும். இதைச் செய்யச் சோம்பேறித்தனப்பட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிய ஒரு கார் பந்தயத்தை இழந்தேன். பதிவில் முதல் இரண்டு நொடி விழவில்லை. பின்னணிப் படத்தைத் தனியாக வரைந்திருந்தால் அதைத் தனியாகத்தான் சேமிக்க வேண்டும் என்பதையும் அதே போலக் கற்றுக்கொண்டேன். அது வேறு ஒரு ஞாயிறு.

அட்டாரி: 128 பைட்

சரி, தள்ளி வைத்ததற்கு வருகிறேன். அட்டாரி 2600-ல் மொத்த மெமரி 128 பைட். கேபி இல்லை, பைட். அதற்குள் பேசிக் எழுத முடியாது என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். வாரன் ராபினெட் எழுதினார், 1979-ல்; அட்வெஞ்சர் விளையாட்டில் தன் பெயரை ரகசிய அறையில் ஒளித்து வைத்தாரே, அவரேதான்.

உங்கள் புரோகிராமுக்குக் கிடைப்பது 64 குறிகளுக்குள். பிரிண்ட் ஒரு குறி, கோ-டூ ஒரு குறி, கூட்டல் ஒரு குறி. அடிக்க இரண்டு 12 பொத்தான் பேடுகள் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கோத்து, மேலே அச்சிட்ட தகடு வைக்க வேண்டும். ஒரே பொத்தானுக்கு நிறத்தைப் பொறுத்து வேறு வேறு அர்த்தம். தகடு இல்லாமல் வாங்கினால் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி. நான் முதலில் அப்படித்தான் வாங்கினேன். பிறகு தகட்டின் படத்தைச் சரியான அளவில் அச்சிட்டு லேமினேட் செய்துகொண்டேன், இன்றுவரை அதுதான். பேடு கிடைக்கவில்லையென்றால் குழந்தைகளுக்கென்று வந்த கிட்ஸ் கன்ட்ரோலரும் வீடியோ டச் பேடும் மின்னிணைப்பில் அதே பொருள்தான். தோற்றம்தான் வேறு, விலை சில நேரம் குறைவு.

இதை அடியுங்கள். இடது அம்புக்குறிக்கு "ஆகட்டும்" என்று அர்த்தம்.

1 ஏ ← ஏ+7
2 பிரிண்ட் ஏ
3 கோ-டூ 1

7, 14, 21 என்று போகும். 98-க்கு அடுத்து 5. இந்தப் பேசிக்குக் கணக்கு 0 முதல் 99 வரைதான் தெரியும், 100 வந்தால் திரும்ப 0.

வேகத்தைக் குறைக்கும் வசதி இதில் உண்டு, நொடிக்கு 1 வரை இறக்கலாம். இறக்கிவிட்டு ஸ்டாக் என்ற ஜன்னலைப் பாருங்கள். முதல் வரியை அது எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது கண் முன்னே நடக்கும். ஏ-யின் மதிப்பை எடுக்கும், 7-ஐ எடுக்கும், கூட்டும், விடையை ஏ-யில் கொண்டு போய் வைக்கும். வேரியபிள்ஸ் ஜன்னலில் எண் மாறும். மொழிபெயர்ப்பி உள்ளே என்ன செய்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது புரியாதது, இந்தக் கார்ட்ரிட்ஜில் ஒரு மாலையில் புரிந்தது.

கிராஃபிக்ஸ் ஜன்னலில் இரண்டு வண்ணச் சதுரங்கள் உண்டு. முதலாவதின் கிடைமட்ட இடம் ஹார்1, செங்குத்து இடம் வெர்1. ஹார்1 ← ஹார்1+3, அடுத்த வரியில் கோ-டூ 1. சதுரம் வலப்பக்கமாக ஓடும், விளிம்பைத் தாண்டி மறுபக்கம் வரும். இடம் மிச்சமிருந்தால் இரண்டாவது சதுரத்தை ஒரு பொத்தானோடு இணைத்துத் துரத்த விடலாம்.

இதில் சேமிப்பு கிடையவே கிடையாது. நிறுத்தினால் அழிந்தது. 64 குறிதானே, நோட்டில் அரைப் பக்கம். என் நோட்டில் அந்தப் பக்கங்கள் பச்சை மையில் இருக்கின்றன. போன மாதம் தம்பி வந்திருந்தபோது அதில் ஒன்றை எடுத்து வாசித்தான், நான் அடித்தேன். ஏழாவது குறியில் நிறுத்தி, "அக்கா, அம்புக்குறி விட்டுட்டே" என்றான்.